அவர் பெயரில் தொடங்கும் சொற்கள்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. இதை எழுதும்போதும் சொல்லப்போவதில்லை. படிக்கிறவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். "பேரைச் சொல்லுங்கம்மா, சொல்லாட்டி நான் என்ன பண்றது" என்று ஒரு நர்ஸ் என்னை ஆஸ்பத்திரி வாசற்படியில் நிற்க வைத்துக் கேட்ட அன்றைக்கே சொல்லாதவள் நான். இப்போது உங்களுக்காகவா சொல்லப்போகிறேன்?

வேண்டுமானால் அடையாளம் சொல்கிறேன். அது ஒரு சாமி பெயர். கையில் வில்லோடு, அப்பா கொடுத்த வாக்குக்காகக் காட்டுக்குப் போனவர். கூடவே தம்பியும் போனான். அந்த அண்ணனின் பெயரில் தொடங்கி, பின்னால் இன்னும் கொஞ்சம் நீளும் என் வீட்டுக்காரர் பெயர். தெற்கு மாட வீதியில் நின்று கூவினால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு சாதாரணப் பெயர்தான்.

கல்யாணமாகி நான் மயிலாப்பூருக்கு வந்தபோது, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஓடினவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஆள் கிடைக்காமல் இருந்தது போய், ஆளுக்கு வீடு கிடைக்காத காலம் வந்துவிட்டது. கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு கூடமும் ஒரு சமையலறையும் எங்களுக்குக் கிடைத்தன. கிணறு பொது. முற்றம் பொது. வீட்டுக்கார மாமியின் வாயும் பொதுதான். அது எல்லாக் குடித்தனத்துக்கும் சமமாகப் பங்கு கொடுக்கும்.

மாமி கெட்டவள் இல்லை. ஆனால் சட்டம் போடுவதில் வெள்ளைக்காரன் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருந்ததுதான். மாமி அதற்கு மேலே ஒரு படி போனாள். பெயர் தொடங்குகிற எழுத்துகளில் தொடங்கும் எந்தச் சொல்லும் வாயில் வரக் கூடாது. அவள் வீட்டுக்காரருக்கு ஏழுமலையான் பெயர். அதனால் அந்த வீட்டில் வெங்காயம் என்ற சொல்லே கிடையாது. தெருவில் காய்காரி வந்தால் மாமி வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டி, அந்த அழப் பண்றது இருக்கா?" என்று கேட்பாள். வெங்கலப் பானை அவளுக்கு "மஞ்சப் பானை". காய்காரி பழகிப்போய், "கீதும்மா, சின்ன அழுவை வோணுமா, பெரிய அழுவை வோணுமா?" என்பாள். முதல் மாதம் நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இரண்டாம் மாதம் நானும் கறிகாய்க் கூடையைப் பார்த்து "அழப் பண்றது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

தமிழில் எனக்கு அதிக நஷ்டம் இல்லை. என் வீட்டுக்காரர் பெயர் தொடங்குகிற எழுத்துகளில் சமையலறையிலோ கடைத்தெருவிலோ புழங்குகிற சாமான் எதுவும் கிடையாது. நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் அகராதி என்னை வந்து பிடித்தது.

அவர் சண்டைக்காகத் திறந்த ஓர் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா. அரிசிப் பங்கீட்டுக் கணக்கு. சண்டை முடிந்ததும் தற்காலிகக்காரர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரு பரீட்சை வைப்பார்கள், தேறினவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் போகலாம். பரீட்சையில் இங்கிலீஷ் பேப்பர்தான் கண்டம். அதிலும் ஒரு கேள்வி, ஒரே எழுத்துகளில் தொடங்குகிற சொற்களாகப் பொறுக்கிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுது, வித்தியாசம் காட்டு என்று கேட்கும். வேறு ஆபீஸ்களில் முன்னே எழுதித் தோற்றவர்கள் எல்லாரும் அந்தக் கேள்வியில்தான் விழுந்தார்களாம்.

அவர் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பழைய இங்கிலீஷ் அகராதி வாங்கிவந்தார். அட்டை கிடையாது. முதல் சில பக்கங்களும் கிடையாது. ஏ எழுத்தில் பாதி சொற்கள் யார் வீட்டுப் பொட்டலமாகவோ போய்விட்டிருந்தன. கரப்பான்பூச்சி வாசனை அடித்தது. நான் சாந்தோம் கான்வென்டில் நாலாவது ஃபாரம் வரை படித்தவள். "நீ வாசி, நான் பொருள் சொல்றேன்" என்றார். அப்படித்தான் எங்கள் பாடம் ஆரம்பித்தது.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பி குடித்துவிட்டு அவர் கிணற்றில் தண்ணீர் இறைப்பார். நான் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவேன். அகராதி ஒரு மணையின் மேல் விரிந்து கிடக்கும். காற்றில் புரளாமல் இருக்க அதன்மேல் ஒரு தேங்காய் மூடி. நான் சொல்லைப் படிப்பேன், ராட்டினம் கிறீச்சிடும், வாளி மேலே வருவதற்குள் அவர் பொருள் சொல்லிவிட வேண்டும். வாளி வந்தும் பொருள் வராவிட்டால் அவர் தோற்றார்.

ஒரே எழுத்தில் தொடங்குகிற சொற்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. மூக்கும் முழியும் ஒன்றாக இருக்கும், குணத்தில் ஒன்றுக்கொன்று ஸ்நானப்பிராப்தி கிடையாது. கன்சென்ட் என்றால் சம்மதம். கன்சோல் என்றால் தேற்றுவது. அதே தெருவில் பக்கத்து வீட்டிலேயே கன்ஸ்பிரசி, சதி. கன்டெம்ப்ட், இளக்காரம். டிஸ் வரிசையில் வந்தபோது டிஸ்மிஸ் என்று படித்தேன். "அதுக்கு அகராதி எதுக்கு, ஆபீஸ்ல தினம் அதே பேச்சுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாளியை வைத்த கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

அவருக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் திருத்துவார். நான் பொருளைப் படித்தால் "அப்படியில்லே, இப்படி" என்பார். சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் அதற்கு மேல் ஒரு சரி வைத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்ப நீங்களே படிச்சு நீங்களே பதில் சொல்லிக்கோங்கோ" என்று காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்று, "கன்சோல்னா என்ன அர்த்தம் தெரியுமோ?" என்று கேட்பார். என்ன பண்ணுவது, சிரித்துத் தொலைப்பேன்.

இப்படியே எழுத்துக்கு எழுத்து தாண்டி அவர் பெயர் தொடங்குகிற எழுத்துகளுக்கு வந்தோம். முதல் சொல்லை நான் வாய் திறந்து பாதிதான் படித்தேன். மாமி கையில் கரண்டியோடு முற்றத்துக்கு வந்துவிட்டாள். மாமிக்கு இங்கிலீஷ் ஒரு அட்சரம் தெரியாது. ஆனால் காது பாம்புக் காது.

"என்னடி சொன்னே இப்போ?"

"ஆடு மாமி. இங்கிலீஷ்ல ஆண் ஆட்டுக்கு அப்படித்தான் சொல்லுவா."

"ஆடோ மாடோ, ஆம்படையான் பேர் பாதி வெளில வந்துடுத்தே. மீதி வர எத்தனை நாழி? பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு உங்க அம்மா சொல்லித் தரல்லையா?"

அவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் மாமியிடம் வாதாடிப் பார்த்தேன். இது வேறு பாஷை, இதில் புருஷனும் கிடையாது பெண்டாட்டியும் கிடையாது, எழுத்து மட்டும்தான் என்றேன். மாமி கேட்கவில்லை. குடியிருக்கிற வீட்டில் இப்படி ஒரு பாவம் நடக்க அவள் விடமாட்டாளாம். கடைசியில் அவர்தான் வழி சொன்னார். "இந்தப் பக்கத்துக்கு மட்டும் மாத்திக்கலாம். நீ அர்த்தத்தைத் தமிழ்ல சொல்லு. நான் இங்கிலீஷ் வார்த்தை சொல்றேன்."

அதனால் அந்தப் பக்கத்துச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொருளை மட்டும்தான் நான் சொல்வேன். ஆண் ஆடு. கோட்டை மதில். போகிற இடம் தெரியாமல் காலாறத் திரிவது. படி இல்லாத ஏற்றம். கிளை கிளையாகப் பிரிவது. அடக்குவார் இல்லாமல் எங்கும் பரவுவது. இப்பவோ அப்பவோ விழப்போகிற வீடு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் தன் பெயரின் முதல் பாதியைத் தானே சொல்லிக்கொண்டு தண்ணீர் இறைப்பார். "விழப்போகிற வீடு" என்றபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாமியின் உத்தரத்தைப் பார்த்தோம்.

அந்தப் பக்கம் அவருக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது. இருந்தாலும் தினமும் பாடம் முடிகிறபோது "அந்தப் பக்கம் ஒரு தடவை பாத்துடலாம்" என்பார். எனக்கும் அது வேண்டியிருந்தது, பொய் சொல்வானேன். மற்றப் பெண்கள் புருஷனை எப்படிக் கூப்பிடுவார்கள்? "ஏன்னா", "இந்தாங்கோ", தொண்டையைச் செருமுவது, பாத்திரத்தை நங்கென்று வைப்பது. எனக்கு மட்டும் ஏழெட்டு விதம் இருந்தது. லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும்போது அவர் முன்னால் ஏறிப் போய்விட்டால், பின்னாலிருந்து "கோட்டை மதில்" என்பேன். அவர் திரும்பாமலே இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிவிட்டு எனக்கு இடம் பிடிப்பார். டிராமில் இருப்பவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்த வருஷம் மாதிரி ஒரு வருஷம் எனக்கு அப்புறம் வரவில்லை.

பங்குனித் திருவிழா வந்தது. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் காக்காய்க்குக்கூட உட்கார இடம் கிடைக்காது. மாமியும் மாமாவும் மற்றக் குடித்தனக்காரர்களும் மத்தியானமே மாட வீதிக்குப் போய்விட்டார்கள். அவருக்கு நாலைந்து நாளாகவே ஜுரம். சாதாரண ஜுரம்தான் என்று கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். அன்று மூன்று மணி வாக்கில் அவர் என்னைப் பார்த்து, "சார், இந்தக் கணக்கு நாளைக்குத் தரேன்" என்றார். வீட்டில் ஈ காக்காய் இல்லை.

சந்து முனைக்கு ஓடினேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே டம்ளரை வைத்துவிட்டார். உள்ளே வந்து அவரைத் தொட்டுப் பார்த்தவர், "இன்னாம்மா, ஐயருக்கு ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது. நீ குந்து, கூட்டத்த நான் பாத்துக்கறேன்" என்று அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றினார். அந்தக் கூட்டத்தில் எந்தச் சந்து வழியாகப் புகுந்து எப்படி வெளியே கொண்டுவந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தூரத்தில் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் தலை என் தோளில் கிடந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு சேர்க்கை குமாஸ்தா, அவன் முன்னால் ஒரு பெரிய புத்தகம்.

"பேரு?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

"பேரு இன்னாம்மா? ஒன் பேரு இல்ல, அவர் பேரு."

"சாமி பேர்."

"எந்த சாமி? எவ்ளோ சாமி கீது."

"கையில வில் வச்சிண்டிருப்பார்."

"அப்பறம்?"

"காட்டுக்குப் போனார். அண்ணா தம்பி ரெண்டு பேருமா."

"தெரியுது, தெரியுது. எங்க அண்ணியும் இப்டித்தான் கதை சொல்லும்" என்று எழுதிப் புத்தகத்தை மூடினான். பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, அந்த மகராஜனுக்கே தம்பியின் பெயர். வில், காடு, அண்ணன் தம்பி என்றதும் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன் பெயர்தான். அண்ணனைச் சேர்க்கப் போனேன், அவன் தம்பியைச் சேர்த்துக்கொண்டான். பிறகு ஒரு ஆள் வந்து அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனான். கதவு சாத்திக்கொண்டது.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமியின் சட்டத்தில் கையும் வாயும் ஒன்று. அது மட்டும் இல்லை. சும்மா இருக்கிற நாளில் ஆயுசு குறையும் என்றால் நான் சிரிப்பேன். நான் கான்வென்டில் படித்தவள், அதெல்லாம் பாதிதான் நம்புவேன். அவர் என் தோளில் நெருப்பாகக் கிடந்தபோது அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

விஷ ஜுரம் என்றார்கள். தொற்று வார்டு. யாரும் உள்ளே போகக் கூடாது. சாயங்காலம் வராந்தாவில் கம்பி போட்ட ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். அவர் படுக்கை எதிர் வரிசையில், கோடியில். சுவரைப் பார்த்துப் படுத்த ஒரு முதுகு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் போய் அந்த முதுகைப் பார்த்துவிட்டு வந்தேன். மாமி ஒரு நாள் கூட வந்தாள். மாமா கோயிலில் அர்ச்சனை பண்ணிவிட்டுத் திருநீறு கொடுத்தனுப்பினார். வீட்டுக்கு வந்தால் கிணற்று ராட்டினம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அகராதியை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டேன், பார்க்க முடியவில்லை.

அந்த வார்டு நர்ஸ் சாந்தோம்காரி. மாதா கோயில் தெருவில் வீடு, நான் படித்த அதே கான்வென்ட், எனக்குச் சில வகுப்பு மேலே. என்னைத் தெரிந்துகொண்டு தினமும் ஜன்னலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். முதலில் "ஜுரம் அப்படியேதான் இருக்கு" என்றாள். பிறகு "கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு மறுநாள் அவள் முகம் நன்றாக இல்லை.

"ஜுரம் விட்டுடுச்சும்மா. ஆனா நெனவு வரலை. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறார். டாக்டர் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன், ராத்திரி நர்ஸ் கூப்பிட்டா. தன் பேரே தெரியலை. தலைக்குப் போயிருக்கும்னு டாக்டர் நெனைக்கறார். நாளைக்குக் காலையில பின்பக்கத்து வார்டுக்கு மாத்தச் சொல்லிட்டார்."

பின்பக்கத்து வார்டு எது என்று எனக்குத் தெரியும். தன்னை மறந்தவர்களை வைக்கிற இடம். வராந்தாவில் நிற்கிற பெண்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அங்கே போனவர்களுக்கு வைத்தியம் என்று ஒன்றும் கிடையாது, கஞ்சி ஊற்றிப் பூட்டி வைப்பதுதான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அங்கே எத்தனையோ பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமே இல்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாங்க. வாசப்படி தாண்டாதீங்க. உங்க கண்ணாலயே ஒரு தடவை பாத்துட்டுப் போங்க" என்று என்னை வார்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். படுக்கை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவர் பாதி ஆளாகியிருந்தார். கண் திறந்துதான் இருந்தது, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, உரக்க, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்.

இவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது.

"சிஸ்டர், அது அவர் பேர் இல்லே."

"சீட்டுல இதுதானே போட்டிருக்கு?"

"தப்பாப் போட்டிருக்கான். அது தம்பி பேர். இவருக்கு அண்ணா பேர்."

"எந்த அண்ணன்? எந்தத் தம்பி? சரி, நிஜப் பேர் என்ன? சொல்லுங்க, கூப்பிட்டுப் பாத்துடறேன்."

நான் சொல்லவில்லை.

"பேரைச் சொல்லுங்கம்மா, சொல்லாட்டி நான் என்ன பண்றது? காலையில மாத்திடுவாங்க" என்றாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச பொண்ணுதானே நீங்க? எங்க கோயில்ல ஃபாதர் முன்னாடி மாப்பிள்ளை பேரைச் சொல்லித்தான் கல்யாணமே பண்ணிக்கறோம். எங்கம்மா சொன்னாங்க. எங்கப்பா இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கார்."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் அவருடைய அந்தக் கையைப் பார்த்தேன். வாளி இழுக்கிற கை, குச்சியாகப் போர்வைமேல் கிடந்தது. பெயரைச் சொன்னால் ஆயுசில் ஒரு நாள் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். அவரிடம் மிச்சம் இருப்பதே அந்த ஒரு நாளாக இருந்தால்? என்னால் முடியவில்லை. சொல்லாவிட்டால் அவர் பின்பக்கம் போவார், சொன்னால் ஒரேயடியாகப் போவார். இரண்டுக்கும் நடுவில் நான் அந்த வாசற்படியில் நின்றேன்.

எப்படித் தோன்றியது என்று தெரியாது. முற்றத்தில் சொல்கிற அதே குரலில், நர்ஸ் தலைக்கு மேலாக, சொன்னேன்.

"ஆண் ஆடு."

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவளையும் பின்பக்கத்து வார்டில் சேர்க்க வேண்டியதுதான் என்று நினைத்திருப்பாள்.

"கோட்டை மதில்."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அந்த அசைவு எனக்குத் தெரியும், டிராமில் பின்னாலிருந்து எத்தனையோ தடவை பார்த்த கன்னம் அது.

"போற இடம் தெரியாம, காலாறத் திரியறது" என்றேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே அவர் அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னார். தெளிவாக, பரீட்சைக்குச் சொல்கிற மாதிரி. அப்புறம் மெதுவாகக் கோட்டை மதிலுக்கு உண்டான வார்த்தையைச் சொன்னார். ஆட்டுக்கு உண்டானதையும் சொல்லிவிட்டு, "ஆண் ஆடுன்னு சொல்லப்படாது. கடான்னு சொல்லணும். எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸும் கான்வென்ட் இங்கிலீஷ் படித்தவள்தானே. மூன்று வார்த்தைக்கும் தொடக்கம் ஒன்று என்று பிடித்துக்கொண்டாள். "அதானா அந்த அண்ணன்?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் இந்த ஊரில் கொஞ்சமா? ஒன்றைச் சொன்னாள், அவர் பேசாமல் கிடந்தார். இன்னொன்றைச் சொன்னாள். அவர் திரும்பி அவளைப் பார்த்து, "என்ன?" என்றார். சலிப்பாகச் சொன்னார். அதைவிட இனிமையான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

நர்ஸ் சீட்டில் பெயரை அடித்துத் திருத்தினாள். "இத்தனை நாளா கூப்பிட்டமே, ஏன் சார் பேசலை?" என்று கேட்டாள்.

"என்னைக் கூப்பிட்டாத்தானே? பக்கத்துப் படுக்கைக்காரனைக் கூப்பிடறேள்னு நெனச்சேன். பாவம், அவனுக்குக் காது கேக்காது போலிருக்குன்னு நெனச்சுண்டேன்."

வீட்டுக்கு வந்த பிறகு மாமி முற்றத்தில் நின்று எல்லாருக்கும் சொன்னாள்: "பாத்தேளா, உசிர் போற நேரத்துலயும் பேரைச் சொல்லல்லே. அதான் பொழச்சான்." பெயரைச் சொல்லாததால்தான் ஆள் போகப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாமியை மறுத்துப் பேச வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரும் கேட்டார், கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே. "அந்த நேரத்துலகூடச் சொல்ல மாட்டியா? உசிர் போயிருந்தா?"

"போகப்படாதுன்னுதான் சொல்லல்லே" என்றேன்.

அவர் திருத்துவார் என்று நினைத்தேன். இந்த ஒரு தடவை திருத்தவில்லை.

பரீட்சை எழுதினார், தேறினார், ஆபீஸில் நிலைத்தார். கேள்வித்தாளில் அந்தப் பக்கத்துச் சொல் ஒன்றுகூட வரவில்லை. அது அவருக்குக் கடைசிவரை ஒரு குறை. மாம்பலத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனோம். டிராம் நின்றுபோயிற்று. மாமியின் வீடு நாங்கள் பார்த்தபடியே ஒரு மழைக்கு விழுந்தது. கிழவனும் கிழவியுமாக ஆன பிறகும், அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் உள்ளேயிருந்து "கடா" என்பேன். சாப்பாடு ஆயிற்று என்று அர்த்தம்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் புறப்பட்ட அன்று என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ அண்ணா பேரைச் சொல்லலாம் மன்னி, ஒண்ணும் தோஷமில்லே" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் போன பிறகு அகராதியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். தேங்காய் மூடி வைத்த வட்டக் கறை இன்னும் அதில் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். நாக்கு நுனிவரை வந்தது.

மூடிக்கொண்டுவிட்டேன். சொன்னால் ஆயுசு குறையும். இனிமேல் சொல்லலாம் என்றால், குறைவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை.